திரையை மாற்றுமுன் ஒரு புள்ளிக் கணக்கு



உங்கள் வீட்டு மடிக்கணனியைத் திறந்து, வழமையான எழுத்தளவில் "அண்ணன்", "அன்னை" ஆகிய இரு சொற்களையும் தட்டெழுதிப் பாருங்கள். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி தனித்து நிற்கிறதா, அல்லது எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டு ஒரு சிறு கறை போலத் தெரிகிறதா? 'ண' எது, 'ன' எது என்பது ஒரே பார்வையில் விளங்குகிறதா? அதே திரையில் குர்ஆன் வசனமொன்றைத் திறந்து வைத்து, ஹரகத் குறியீடுகளைக் கண்ணைச் சுருக்காமல் வாசிக்க முடிகிறதா?

முடியவில்லையென்றால் அதற்குக் காரணம் உங்கள் கண்ணாகவும் இருக்கலாம், திரையாகவும் இருக்கலாம். இதனைக் கண்டறிய இலகுவான வழியொன்றுண்டு. ஒரு பத்திரிகையை எடுத்து, திரை இருக்கும் அதே தூரத்தில் பிடித்து வாசியுங்கள். பத்திரிகையும் மங்கலாகத் தெரிந்தால், அது வெள்ளெழுத்தாக இருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது கண் வைத்தியரையே. பத்திரிகை தெளிவாகவும் திரை மங்கலாகவும் தெரிந்தால், திரை மீது சந்தேகங்கொள்ள நியாயமுண்டு.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் படிப்புக்காக எத்தனையோ வீடுகளுக்குள் மடிக்கணனி முதன்முதலாக வந்து சேர்ந்தது. 2022 இல் ஒரு டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, புதிய கணனி வாங்குவது பலருக்கு எட்டாத காரியமாயிற்று. அதனால், வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த கணனிகளை வாங்கியோர் பலர். இவை உறுதியானவை, நீடித்து உழைப்பவை. ஆனால் இவற்றில் அநேகமானவற்றுக்கு ஒரு குறையுண்டு. மலிவான, புள்ளி குறைந்த திரை பொருத்தப்பட்டு வந்தவை அவை.

அந்தத் திரையை மட்டும் கழற்றிவிட்டு நல்லதொன்றைப் போட முடியுமா? பல கணனிகளில் முடியும். சிலவற்றில் முடியாது. முடிந்தாலும் சிலருக்கு அது வீண்செலவு. எது எவ்வாறு என்பதைக் கடைக்காரர் சொல்லித்தான் அறிய வேண்டும் என்றில்லை. கொஞ்சம் கணக்கும், திரையின் முதுகிலுள்ள இலக்கமும் தெரிந்தால், வீட்டிலிருந்தே நீங்கள் தீர்மானிக்கலாம்.

புள்ளிகளின் கணக்கு

கணனித் திரையிலுள்ள ஒவ்வோர் எழுத்தும் படமும் மிகச் சிறிய புள்ளிகளால் ஆனவை. பூவேலை செய்யும் சகோதரிகளுக்கு இது இலகுவில் விளங்கும். அகலக் கண்ணுள்ள துணியில் குறுக்குத் தையல் போட்டால் ரோஜாப்பூ படிப்படியாகவே தெரியும். நெருக்கமான துணியில் போட்டால் இதழின் வளைவு வளைவாகவே வரும். திரையும் அப்படித்தான். இந்த நெருக்கத்தைத் தமிழில் தெளிவுத்திறன் என்பர். கடையில் "ரெசலூஷன்" என்று கேட்டால்தான் விளங்கும்.

மலிவான திரைகளில் குறுக்காக 1366 புள்ளிகளும் நெடுக்காக 768 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 10 இலட்சத்து 49 ஆயிரத்து 88 புள்ளிகள். "புல் எச்.டீ." எனப்படும் திரையில் குறுக்காக 1920, நெடுக்காக 1080. பெருக்கினால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600. கிட்டத்தட்ட இரு மடங்கு!

14 அங்குலத் திரையொன்றை எடுத்துக்கொண்டால், முதலாவது வகையில் ஓர் அங்குல நீளத்துக்குள் சுமார் 112 புள்ளிகளும் இரண்டாவது வகையில் சுமார் 157 புள்ளிகளும் அடங்குகின்றன. தமிழெழுத்தின் சுழிகளுக்கும் மேற்புள்ளிக்கும் இந்த வித்தியாசம் பெரிது. ஆங்கிலத்தின் நேர்கோட்டு எழுத்துகள் குறைந்த புள்ளிகளிலும் ஒருவாறு சமாளித்துக்கொள்ளும். 'ணை', 'ஞ்', 'ழு' போன்ற நம் எழுத்துகளுக்கு நெருக்கமான புள்ளிகள் தேவை.

எழுத்துச் சிறுத்துவிடுமே!

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். புதிய திரையைப் போட்டதும், "இது என்ன, எழுத்தெல்லாம் கடுகாகிவிட்டதே!" என்று திகைக்கிறார்கள். அதே அளவுப் பரப்பில் கூடிய புள்ளிகள் இருப்பதனால், ஒவ்வொரு புள்ளியும் சிறியது. ஆகவே எழுத்தும் சிறிதாகவே தெரியும். இதற்கு விண்டோஸில் பரிகாரமுண்டு. அமைப்புகள் பகுதியில் திரைக்குரிய இடத்துக்குச் சென்றால், "ஸ்கேல்" என்ற பெயரில் 100, 125, 150 வீதம் எனத் தெரிவு செய்யலாம்.

எதைத் தெரிவு செய்தால் என்ன கிடைக்கும் என்பதை இப்போதே பார்த்துக்கொள்வோம்.

100 வீதத்தில் விட்டால் எழுத்து மிகச் சிறியது. திரையில் கொள்ளும் விடயமோ மிகக் கூடியது. இளம் கண்களுக்கு மட்டுமே இது ஏற்றது.

125 வீதத்தில், பழைய திரையிலிருந்ததை விடச் சுமார் 11 வீதம் மட்டுமே எழுத்துச் சிறிதாக இருக்கும். திரையில் 1536 க்கு 864 என்ற அளவு இடம் கிடைக்கும். அதாவது பழையதை விடக் கூடிய இடமும் கிடைக்கும், எழுத்தும் கூர்மையாகும். பெரும்பாலானோருக்குப் பொருத்தமானது இதுவே.

150 வீதத்தில் எழுத்து, பழையதை விடச் சுமார் 7 வீதம் பெரிதாகும். மிகத் தெளிவாகவும் இருக்கும். ஆனால் திரையில் கிடைக்கும் இடம் 1280 க்கு 720 தான். பழைய திரையில் கொண்டதை விடவும் குறைவு!

ஆகவே உங்களுக்கு வேண்டியது எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். வீட்டிலிருந்து கணக்கு எழுதும் சகோதரிக்கு, எக்செல் தாளின் கூடுதலான நிரல்கள் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். உயர்தரம் படிக்கும் மகளுக்கு, ஒரு பக்கம் பாடக்குறிப்பும் மறுபக்கம் வினாத்தாளும் அருகருகே நிற்க வேண்டும். உடை வடிவமைப்பவருக்கு நூலின் நிறம் மாறாமல் தெரிய வேண்டும். இவர்களுக்கெல்லாம் திரை மாற்றம் உண்மையான பயனைத் தரும். மாறாக, எழுத்துப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பது மட்டுமே உம்மாவின் தேவையென்றால், இந்தச் செலவு அவருக்கு உகந்ததல்ல. அவருக்கு என்ன செய்யலாம் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

எந்தக் கணனியில் முடியும்?

திரைக்கும் கணனியின் தாய்ப்பலகைக்கும் இடையே, மூடியின் பிணைச்சல் வழியாக ஒரு மெல்லிய வயர் செல்கிறது. படம் முழுவதும் அதன் வழியாகவே போகிறது. திரை மாற்றம் இலகுவா கடினமா என்பதைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது இந்த வயர்தான்.

முந்திய கணனிகளில் "எல்.வீ.டீ.எஸ்." எனும் முறை பாவிக்கப்பட்டது. பின்னர் "ஈ.டீ.பீ." எனும் முறை வந்தது. இதன் முதலாவது தர அளவு 2008 இல் வெளியாயிற்று. 2010 டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டீ., டெல், லெனோவோ, சம்சுங், எல்.ஜீ. ஆகிய நிறுவனங்கள் பழைய முறையைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக அறிவித்தன. ஆகவே 2013 ஐ அண்டிய காலம் ஓர் எல்லைக்கோடு போன்றது. அதற்கு முந்திய கணனியென்றால் அநேகமாகப் பழைய வயர். பிந்தியதென்றால் அநேகமாகப் புதிய வயர்.

ஒரே நிறுவனத்தின் இரு கணனிகளை எடுத்து இதனைப் பார்ப்போம்.

2012 இல் வெளிவந்த லெனோவோ திங்க்பேட் எக்ஸ் 230 ஒரு சிறிய, உறுதியான கணனி. இதன் 12.5 அங்குலத் திரை 1366 க்கு 768 அளவில் மட்டுமே விற்கப்பட்டது. வயர் பழைய முறையைச் சேர்ந்தது. இதில் புல் எச்.டீ. திரை போட விரும்புவோர், தனியாக ஒரு சிறு மின்பலகையை வாங்கித் தாய்ப்பலகையோடு இணைக்க வேண்டும். ஆர்வலர்கள் இதைச் செய்கிறார்கள். ஆனால் வீட்டிலிருக்கும் ஒரேயொரு கணனியில் செய்து பார்க்கத்தக்க வேலையல்ல இது. எனினும் இந்தக் கணனிக்கும் ஒரு நடுவழியுண்டு. அதே புள்ளிக் கணக்கிலேயே, எப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத நல்ல ரகத் திரை இதற்கென விற்கப்பட்டது. அதைப் போட்டால் புள்ளிகள் கூடாவிட்டாலும் பார்வை இதமாகும்.

2018 இல் வெளிவந்த திங்க்பேட் ரீ 480 இன் கதை வேறு. இதன் 14 அங்குலத் திரை 1366 க்கு 768, 1920 க்கு 1080, 2560 க்கு 1440 என மூன்று அளவுகளில் வந்தது. மலிவான திரையுடன் வந்த ரீ 480 இல், அதே 30 முனை வயரைக் கொண்டே சாதாரண புல் எச்.டீ. திரையைப் பொருத்தலாம். ஆனால் 2560 க்கு 1440 திரை வேண்டுமென்றால் 40 முனையுள்ள வேறு வயரும் வாங்க வேண்டும்.

இதிலிருந்து ஒரு நல்ல விதி கிடைக்கிறது. உங்கள் கணனியின் அதே மாதிரி, தொழிற்சாலையிலிருந்தே புல் எச்.டீ. திரையுடனும் விற்கப்பட்டதா என்று பாருங்கள். விற்கப்பட்டதென்றால் வழி உண்டு. தயாரிப்பாளரின் சேவைக் கைநூலில் இரு வகைத் திரைக்குமான வயரின் பாக இலக்கம் தரப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இலக்கம் ஒன்றென்றால் திரை மட்டும் போதும். வெவ்வேறென்றால் வயரையும் சேர்த்து வாங்க வேண்டும். சில மலிவுக் கணனிகளின் வயரில், குறைந்த புள்ளிகளுக்குத் தேவையான கம்பிகளை மட்டுமே இழுத்திருப்பார்கள். 1366 க்கு 768 திரைக்கு ஒரு தடம் போதும்; புல் எச்.டீ. க்கு வழமையாக இரு தடங்கள் தேவை. பழைய வயரிலேயே புதிய திரையைப் பொருத்திவிட்டு, "படம் வரவில்லை, திரை பழுது" என்று சொல்வதன் பின்னணி பல நேரங்களில் இதுவேயாகும்.

தொடுதிரையுள்ள கணனிகளிலும், ஒரே கண்ணாடியாக மூடியோடு ஒட்டப்பட்ட அப்பிள் மெக்புக் போன்றவற்றிலும் இந்த மாற்றத்துக்கு முயலாதிருப்பதே நன்று.

திரையின் முதுகிலுள்ள இலக்கம்

"இந்தக் கணனிக்குப் புல் எச்.டீ. திரை தாருங்கள்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். திரையின் பின்புறம் ஒட்டியுள்ள சீட்டில் அதன் மாதிரி இலக்கம் இருக்கும். எல்.ஜீ. டிஸ்ப்ளே, ஏ.யூ. ஒப்ட்ரோனிக்ஸ், இன்னோலக்ஸ், பீ.ஓ.ஈ. போன்றவை திரைகளைத் தயாரிக்கும் நிறுவனங்களாகும். கணனியின் வெளியில் எந்தப் பெயர் எழுதப்பட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் திரை பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகவே இருக்கும். அந்த இலக்கத்தை வைத்து, பழைய திரையையும் வாங்கப்போகும் திரையையும் பின்வரும் விடயங்களில் ஒப்பிடுங்கள்.

முதலாவது, அளவு. மூலைக்கு மூலை அங்குலம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. 15.6 அங்குலத் திரைகளிலேயே சட்டத்தோடு சேர்த்துச் சுமார் 350 மில்லிமீற்றர் அகலமானவையும் உண்டு. 359 மில்லிமீற்றர் அகலமானவையும் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றது அமராது.

இரண்டாவது, வயர் பொருந்துமிடம். முனைகள் 30 ஆ 40 ஆ, அவை வலப்பக்கமா இடப்பக்கமா என்று பாருங்கள். பழைய எல்.வீ.டீ.எஸ். திரைகளிலும் 40 முனை உண்டு; ஈ.டீ.பீ. திரைகளிலும் 40 முனை உண்டு. எண்ணிக்கை ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பிப் பொருத்தினால் திரையும் பழுதாகலாம், தாய்ப்பலகையும் பழுதாகலாம்.

மூன்றாவது, காதுகள். சில திரைகளின் ஓரத்தில் திருகாணி பூட்டுவதற்கான சிறு தகடுகள் இருக்கும். சிலவற்றில் இருக்காது, அவை ஒட்டுநாடாவால் ஒட்டப்படுபவை. பழையது எவ்வகையோ புதியதும் அவ்வகையாக இருக்க வேண்டும்.

நான்காவது, ரகம். "ரீ.என்." எனும் மலிவு ரகத் திரையைக் கீழிருந்து பார்த்தால் நிறம் தலைகீழாகும், பக்கத்திலிருந்து பார்த்தால் வெளிறும். தாயும் பிள்ளைகளும் அருகருகே அமர்ந்து பாடம் பார்க்கும் வீட்டுக்கு இது சரிவராது. "ஐ.பி.எஸ்." ரகத்தில் இக்குறை மிகக் குறைவு. புள்ளிகள் கூடியும் ரீ.என். ஆகவே இருக்கும் திரைகளும் உண்டு. ஆகையால் இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

ஐந்தாவது, வெளிச்சமும் மேற்பரப்பும். திரையின் வெளிச்சத்தை "நிட்" எனும் அலகால் அளப்பர். மலிவானவை 200, 220 நிட் அளவில் இருக்கும். 250 அல்லது 300 நிட் என்றால் பகல் வெளிச்சத்திலும் நன்றாகத் தெரியும். பளபளப்பான மேற்பரப்பில் யன்னலும் மின்குமிழும் பிரதிபலிக்கும். மங்கல் பூச்சுள்ளதே வீட்டுக்கு ஏற்றது.

சரியான திரை கிடைத்துவிட்டால், கணனிக்குப் புதிதாக ஒன்றும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. தன் புள்ளிக் கணக்கு எத்தனை என்பது திரைக்குள்ளேயே பதியப்பட்டிருக்கும். கணனி அதை வாசித்துத் தானாகவே சரிசெய்துகொள்ளும்.

வேலை நடக்கும்போது

திரை மாற்றுவது வழமையாகப் பெரிய வேலையல்ல. ஓரச்சட்டத்தைக் கழற்றி, திருகாணிகளை எடுத்து, திரையை விசைப்பலகை மீது சாய்த்து, வயரை மாற்றிப் பொருத்துவதுதான். ஆனால் ஒரேயொரு விடயத்தில் கவனயீனம் கூடாது. மின்சாரம் முற்றாகத் துண்டிக்கப்படாமல் திரை வயரைத் தொடக்கூடாது.

சுவரிலிருந்து வயரைக் கழற்றினால் மட்டும் போதாது. பற்றரியும் துண்டிக்கப்பட வேண்டும். நாம் பார்த்த ரீ 480 இல் இரு பற்றரிகள் உண்டு. ஒன்று வெளியே கழற்றக்கூடியது. மற்றொன்று உள்ளே இருப்பது. வெளியிலுள்ளதைக் கழற்றிவிட்டு, "பற்றரி எடுத்தாயிற்று" என்று நினைத்தால் ஆபத்து. உள்ளேயுள்ளதை நிறுத்துவதற்கு அதன் பயோஸ் பகுதியிலேயே ஒரு கட்டளை தரப்பட்டுள்ளது. பற்றரி இணைந்திருக்கும்போது திரை வயரை இழுத்தால், பின்விளக்குக்கு மின்சாரம் தரும் சிறிய பியூஸ் எரிந்துவிடலாம். அப்போது புதிய திரையைப் போட்டாலும் இருட்டாகவே இருக்கும். டோர்ச் லைட் அடித்துப் பார்த்தால் படம் மிக மங்கலாகத் தெரியும். அதன்பின் தாய்ப்பலகையைத் திருத்த வேண்டிவரும்.

ஆகவே கடையில், "பற்றரியை முதலில் கழற்றுவீர்கள்தானே, நானா?" என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். வேலை தெரிந்தவர் அக்கேள்வியைக் குறையாக எடுக்கமாட்டார்.

குடும்பப் படங்கள் கவனம்!

சகோதரிகளே, காசை விடப் பெரிய விடயம் ஒன்றுண்டு. நம் கணனிகளில் கலியாணப் படங்கள் இருக்கின்றன. கடவுச்சீட்டின் பிரதிகள், வங்கி விபரங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் இருக்கின்றன. திரை மாற்றக் கொடுக்கும்போது, "பாஸ்வேர்ட்டை எழுதித் தாருங்கள்" என்று கேட்டால் தயங்காமல் மறுத்துவிடலாம். திரையை மாற்றவும் அது ஒளிர்கிறதா என்று பார்க்கவும் உங்கள் இரகசியச் சொல் தேவையே இல்லை. கணனியை இயக்கியதும் தோன்றும் நிறுவனச் சின்னமும் பயோஸ் பக்கமும் அந்தச் சோதனைக்குப் போதும். நிறச் சோதனையை நீங்களே அங்கு வந்து, உங்கள் கையால் திறந்து செய்யலாம்.

முடிந்தால், கண்முன்னே வேலை செய்து தரும் கடையைத் தெரிவு செய்து, குடும்பத்தில் ஒருவர் கூடவே இருங்கள். கணனியை விட்டுவிட்டு வர வேண்டிய நிலையென்றால், தகவல் சேமிக்கும் தட்டைக் கழற்றித் தரச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். அநேகமான கணனிகளில் அது சில நிமிட வேலை. எப்படியாயினும், கொடுக்குமுன் படங்களையும் ஆவணங்களையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

பொறுப்பேற்கும்போது

காசு கொடுக்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். முழுத் திரையையும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறமாக நிரப்பிப் பாருங்கள். அணைந்த புள்ளியோ அணையாத புள்ளியோ இருந்தால் அப்போது தெரியும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்கின்றனவா? மூடியை மெதுவாகத் திறந்து மூடும்போது படம் ஆடுகிறதா, அணைகிறதா? அப்படியானால் வயர் சரியாக அமரவில்லை. பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் பாருங்கள். நிறம் தலைகீழானால், உங்களிடம் ஐ.பி.எஸ். என்று சொல்லி விற்றது ரீ.என். ரகமாகும். திரை அமைப்பில் 1920 க்கு 1080 என்று காட்டுகிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

பற்றுச்சீட்டில் திரையின் மாதிரி இலக்கத்தையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதி வாங்குங்கள். பழைய திரையையும் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பொருள். வேறொருவரின் உடைந்த திரைக்கு அது உதவலாம். மிகப் பழைய கணனிகளின் திரைக்குள் இருக்கும் மெல்லிய குழல் விளக்கில் பாதரசம் உண்டு. அத்தகையதைக் குப்பையோடு சேர்த்து வீசவோ, பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்கவோ கூடாது.

மாற்றத்துக்குப் பின், ஒரு முறை மின்னேற்றினால் பற்றரி நிற்கும் நேரம் கொஞ்சம் குறையக்கூடும். நெருங்கிய புள்ளிகளுக்கிடையே ஒளி புகுந்து வரப் பின்விளக்குக் கூடுதலாக எரிய வேண்டியிருப்பதே காரணம்.

எப்போது வேண்டாம்?

இத்தனையும் சொன்னபின், "வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய இடங்களையும் சொல்லியாக வேண்டும்.

கணனி ஆமை வேகத்தில் இயங்குகிறது என்பதுதான் உங்கள் முறைப்பாடென்றால், திரையால் அது தீராது. முதலில் எஸ்.எஸ்.டீ. தட்டும் நினைவகமும் பாருங்கள். திரை அதற்குப் பிறகுதான்.

கணனியின் வயதையும் பாருங்கள். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஐ முறைப்படி போடுவதற்கு, இன்டெல் கணனியென்றால் பொதுவாக 8 ஆம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். மேலே சொன்ன ரீ 480 களில் பெரும்பாலானவை இந்த எல்லைக்குள் வருகின்றன. எக்ஸ் 230 வராது. லினக்ஸ் பாவிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டிலிருந்தால் பழைய கணனியும் பயன் தரும். இல்லையென்றால், எல்லைக்கு வெளியேயுள்ள கணனியின் திரைக்குக் காசைக் கொட்டுவது வீண்விரயமாகவே முடியும்.

விலையையும் ஒப்பிடுங்கள். திரை, வயர், கூலி மூன்றையும் கூட்டுங்கள். புல் எச்.டீ. திரையுடனேயே வரும் அதே மாதிரிப் பாவித்த கணனியின் விலையையும் கேளுங்கள். கூட்டுத்தொகை அதன் மூன்றிலொரு பங்கைத் தாண்டினால், இருப்பதை விற்றுவிட்டு அதை வாங்குவது பற்றி யோசிக்கலாம்.

இனி உம்மாவின் விடயம். கணனியை எப்போதும் ஒரே மேசையில் வைத்துப் பாவிக்கும் வீட்டுக்குத் தனித்திரையே சிறந்த வழி. 22 அங்குலத் தனித்திரையொன்றை எச்.டீ.எம்.ஐ. வயர் மூலம் இணைத்துவிட்டால், கணனியைத் திறக்கவே தேவையில்லை. பியூஸ் எரியும் பயமுமில்லை. அதே 1920 க்கு 1080 புள்ளிகள் பெரிய பரப்பில் விரிவதனால் எழுத்தும் பெரிதாகத் தெரியும். திரையில் இடமும் கூடும். நாளை கணனியை மாற்றினாலும் அந்தத் திரை உங்களிடமே இருக்கும். கையோடு கொண்டு திரிய முடியாது என்பது மட்டுமே இதன் குறை.

கடைக்குப் போகுமுன் ஒரு துண்டுத் தாளில் ஐந்து வரி எழுதிக்கொள்ளுங்கள்: கணனியின் முழு மாதிரி இலக்கம், இப்போதுள்ள திரையின் இலக்கம், வயரின் முனை எண்ணிக்கையும் அது எந்த முறை என்பதும், உங்களுக்கு வேண்டியது கூடுதல் இடமா, பெரிய எழுத்தா என்பது, உங்களால் செலவிட முடிந்த உச்சத் தொகை. திரையின் இலக்கத்தைப் பார்க்கக் கணனியைக் கழற்றத் தேவையில்லை. விண்டோஸின் "டிவைஸ் மனேஜர்" பகுதியில், மொனிட்டர் என்பதன் விபரங்களில் தயாரிப்பாளரின் சுருக்கக் குறியும் ஓர் இலக்கமும் தெரியும். அதைக் குறித்துக்கொண்டால் கடைக்காரர் தேடிப் பார்க்கலாம். முதுகிலுள்ள சீட்டையும் வேலையின்போது ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அந்தத் தாளை வாப்பாவோ தம்பியோ கொண்டு போனாலும் சரி, நீங்களே போனாலும் சரி. "எதையாவது போட்டுத் தாருங்கள்" என்று கேட்கும் நிலை இனி வராது. எந்த இலக்கத் திரையை, எதற்காகக் கேட்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.